கோரமண்டல் திரையும் கோரைப் பாயும்

சுவரில்லாத பெரிய கூடம் ஒன்றைக் கட்டி, சமையல், உணவு, வரவேற்பு எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் இப்பொழுது எங்கள் நெல்லிக்குப்பத்திலும் பரவி வருகிறது. குடிபுகுந்த சில திங்களில், 'இதைக் குறைந்த செலவில் எப்படி மறைப்பது?' என்ற கேள்வியும் பிறந்துவிடுகிறது. இதைப் புதிய கேள்வி என்று நாம் எண்ணுகிறோம். தமிழகத்தில் அதற்கு ஈராயிரம் ஆண்டை நெருங்கும் வயதுண்டு.

பத்துப்பாட்டுள் மிகச் சிறியது முல்லைப்பாட்டு. 103 அடிகளே உடையது. நப்பூதனார் அதிலே ஒரு பாசறையைக் காட்டுகிறார். அதன் நடுவே அரசனுக்கென ஒரு தனியிடம். நெடிய கோல்களை நட்டு, பல வண்ணத் திரையை வளைத்து அதை உண்டாக்கிவிடுகிறார்கள். அதற்குள்ளும் வலிய கயிற்றிலே ஒரு திரையைத் தொங்கவிட, ஓரிடம் இரண்டறைப் பள்ளியாகிறது. கோல், கயிறு, துணி, வேண்டுவன இவ்வளவே! ஆனால் அந்தத் திரைக்குள்ளே நடப்பது என்ன? புண்பட்ட யானைகளையும் மாண்டுபோன வீரர்களையும் நினைந்து அரசன் உறக்கமின்றிக் கிடக்கிறான். வெளியே படைத்தலைவனாக நிற்க வேண்டியவன், மனிதனாக வருந்துவதற்கு ஒரு துணியளவு மறைவு தேவைப்பட்டது. மறைப்பைப் பற்றி இதைவிட நுட்பமாகச் சொல்லிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடலரங்கின் திரைகளை மூவகையாகப் பிரிக்கிறது. ஒருபுறமிருந்து இழுப்பது ஒருமுக எழினி. இருபுறமிருந்தும் வந்து கூடுவது பொருமுக எழினி. மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இன்றைய கடைகளில் திரை வாங்கச் செல்வோர் இந்த மூன்றுக்கு அப்பால் நான்காவது ஒன்றைக் காண்பது அரிதே. எங்கள் பக்கத்துத் தில்லையிலோ, சிதம்பர இரகசியத்தைக் காத்து நிற்பது கல்லும் அன்று, கதவும் அன்று. புறம் கறுப்பும் அகம் சிவப்புமான ஒரு திரைதான்.

இனி ஒரு வேடிக்கை. ஐரோப்பியச் செல்வர் மாளிகைகளில் 'கோரமண்டல் திரை' என்றொரு பொருள் உண்டு. மரப்பலகைகள் பன்னிரண்டு வரை கோத்து, மடித்து நிறுத்தும் மறைப்பு அது. கருமையான அரக்குப் பூச்சைச் செதுக்கி, பள்ளங்களில் வண்ணம் நிரப்பியது. கோரமண்டல் என்பது நம் சோழமண்டலந்தான். ஆகவே இது நம் தச்சர் கைவண்ணம் என்று மகிழ்ந்துவிடாதீர்கள்! பதினேழாம் நூற்றாண்டிலிருந்து சீனத்தில் செய்யப்பட்ட பொருள் இது. ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் நம் கரைத் துறைமுகங்களில் கப்பல் மாறியதால் இக்கரையின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னரோ ஆங்கிலேயர் சாவகத் தீவின் துறைமுகத்தால் அதனைப் 'பாண்டம் வேலை' என்றனர். சுமந்து சென்ற துறைக்குப் பெயர் கிடைத்தது. செய்த ஊர் மறைந்தது.

இக்கரையிலிருந்து உண்மையில் நம்மவர் செய்து அனுப்பியது துணித்திரை. 1690-இல் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கிப் பீரங்கிக் குண்டு விழுந்த எல்லைவரை நிலத்தைப் பெற்றதும் இந்தத் துணி வாணிகத்தை நாடித்தான். சாயமேற்றி எழுதிய நம் துணிகள் அங்கே கட்டில் திரையாயின, சுவரை மறைத்தன. தம் நெசவாளர் பிழைப்புக் கெடுமென்று பிரான்சு 1686-இலும், இங்கிலாந்து 1701-இலும் அவற்றைத் தடுத்தன.

அந்தத் துணியை நெய்தவர்களின் வீட்டிலே எந்தத் திரை தொங்கியது? வரலாற்று நூல்கள் இதைக் கேட்பதில்லை. ஒற்றை அறைக் குடிலில் வாழ்ந்தவர்களுக்கு மூங்கிலைப் பிளந்து முடைந்த தட்டியும், கிழிந்த புடவையும், விளிம்பு நைந்த பாயுமே மறைப்பு. கரும்பு விளையும் எங்கள் ஊரில் காய்ந்த சோகையும் தட்டிக்கு உதவும். வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டால் கோடைக் காற்றுக் குளிர்ந்து வரும். இதற்கு வழங்கும் இந்திச் சொல் 'டாட்டி' ஆகி வெள்ளைக்காரர் நாவிலும் ஏறியது. பிள்ளை பெற்றவள் படுக்கவும், புதிதாய் மணந்தவர் ஒதுங்கவும், பெண்கள் உடை மாற்றவும் இந்தத் தட்டிதான் அறையாயிற்று. என் தமக்கை தலைப்பிள்ளையைப் பெற்றபோது எங்கள் கூடத்தின் மூலையிலும் ஒரு கொடிக்கயிறும் அன்னையின் பழைய சுங்கடிச் சேலையுமே இருந்தன. அதைத் தாண்டி ஆண்கள் குரல் உயர்த்தியதில்லை. செங்கற்சுவரைவிடக் கட்டுப்பாடு மிக்கது அந்தச் சேலை.

2011 டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் கடலூர்ப் பகுதியைச் சூறையாடியது. பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன. ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களைப் பார்க்கச் சென்றேன். உணவுப் பொட்டலம் முழுமையாக வந்து சேருமுன்பே, பெண்கள் சன்னல் கம்பிக்குக் கம்பி கயிறு கட்டிச் சேலைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அரிசிக்கு அடுத்தபடி அவர்கள் தேடியது மறைவைத்தான்.

இன்று என்னிடம் வழி கேட்பவர்களுக்கு நான் சொல்வது எளிது. நம் கரையோர மணலில் வளரும் சவுக்குக் கழிகளால் ஒரு சட்டம் செய்து, அதில் கோரைப் பாயை இழுத்துக் கட்டுங்கள். தரையிலிருந்து நான்கு விரல் தூக்கி, மேலே ஒரு முழம் விட்டுவிட்டால் காற்றுத் தடைப்படாது. இரண்டு மூன்று சட்டங்களைக் கீல் வைத்துக் கோத்தால் வளைந்து நிற்கும். வேண்டாதபோது மடித்துச் சுவரில் சாத்தலாம். காற்றைத் தடுக்கும் மறைப்பு என்றே பொருள்படும் ஒரு பெயரைச் சீனரும் சப்பானியரும் இதற்கு இட்டிருக்கிறார்கள். நமக்கோ காற்றை விடுகிற மறைப்பே வேண்டும். புத்தக அலமாரியைக் குறுக்கே நிறுத்துவதும் நல்ல வழிதான். ஆனால் அடுப்பின் அருகே மட்டும் பாயும் துணியும் வேண்டாம். அங்கே இடுப்பளவுச் செங்கற்சுவர் ஒன்றுக்குச் செலவு செய்துவிடுங்கள்.