வெட்டப்பட்ட விடை

2004 டிசம்பர் 26 அன்று செங்கல்பட்டுப் பகுதியின் மாமல்லபுரக் கடலோரக் குப்பங்களை ஆழிப்பேரலை தாக்கியபோது, ‘ஏன் எங்களுக்கு?’ என்ற கேள்வி நம்மிடையே எழுந்தது. 1973-இல் அதே டிசம்பர் 26 அன்று வெளியான ‘எக்சார்சிஸ்ட்’ திரைப்படத்திலும் இக்கேள்வி உண்டு. அலகை பிடித்த சிறுமிக்காகப் போராடும் இரு குருக்கள் மாடிப்படியில் அமர்கின்றனர். ஏன் இச்சிறுமி என்கிறார் இளையவர். இறைவன் நம்மை நேசிக்கவே இயலாதென நாம் மனமுடைவதே அலகையின் நோக்கம் என்கிறார் முதியவர்.

கதாசிரியரான கத்தோலிக்கர் பிளாட்டி பெரிதும் விரும்பிய இவ்வுரையாடலை இயக்குநர் ஃபிரீட்கின் வெட்டிவிட்டார். ஏறத்தாழ 10 நிமிடங்கள் கூடிய 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அது மீண்டது. முதற்பதிப்பு நம்மை அஞ்சவைத்தது; பின்னது எதற்கு அஞ்சவேண்டும் என உணர்த்தியது.

ஆழிப்பேரலை அலகையின் செயலன்று. கடலடி நிலநடுக்கத்தின் விளைவு. ஆயினும் துயருற்றோரை அணுகும் சோதனை அதுவே. அவர்கள் அருகில் அமர்வதே நம் பணி.