தேறலும் ஊறலும்

ஒரு நாட்டின் சரித்திரத்தை அரசர்களின் போர்களிலும் ஆலயங்களின் சாசனங்களிலும் தேடுகின்றவர்கள், அந்நாட்டு மக்கள் எதைக் குடித்தார்கள், யார் செய்ததைக் குடித்தார்கள், எவ்வளவு பொறுமையோடு குடித்தார்கள் என்னும் கேள்விகளை அற்பமானவை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆயினும் கள்ளக்குறிச்சியையும், அதன் மேற்கே கிழக்குத்தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாக எழுந்து நிற்கும் கல்வராயன் மலையையும் பற்றி எழுதப் புகும் எவனும் அந்தக் கேள்விகளைத் தவிர்க்க இயலாது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, இந்தப் பிரதேசத்தின் பெயர் தேசமெங்கும் அடிபட்டது. அதைக் காவல்துறையின் குறைபாடாகவும் அரசியல் கட்சிகளின் வாதப் பிரதிவாதமாகவும் மட்டும் கண்டவர்களுக்கு, ரசித்துப் பருகுவதற்கென்று பானம் செய்யத் தெரிந்திருந்த ஒரு நாடு, ருசி பாராமல் விழுங்கும் நாடாக எப்படி மாறிற்று என்னும் நெடிய கதை புலப்பட்டிராது.

பீர் என்பது வெள்ளைக்காரன் கப்பலேற்றிக் கொண்டுவந்த பொருள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். தானியத்தை முளைக்கவிட்டு, அம்முளையின் சக்தியால் மாவுப்பொருளை இனிப்பாக்கி, அந்த இனிப்பைப் புளிக்கவிட்டுப் பெறும் பானமே பீர் என்று அதன் இலக்கணத்தை வகுத்துக்கொண்டால், உ. வே. சாமிநாதையர் 1889-ல் பதிப்பித்த பத்துப்பாட்டிலேயே அதற்கான செய்முறை இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்புக்கு வரும் பாணனுக்குக் கிடைக்கப்போகும் உபசாரம் விவரிக்கப்படும் இடத்தில், தீட்டாத அரிசியைக் கூழாகத் துழாவி அகன்ற தட்டில் ஆறவிடுவதும், முளைநெல்லை இடித்து அதில் அளாவுவதும், இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு உறுதியான வாயையுடைய சாடியில் முற்றச் செய்வதும், விரலால் அலைத்துப் பிழிவதும், சுட்ட மீனோடு அதைப் பரிமாறுவதும் ஒரு கிரமம் பிறழாமல் சொல்லப்படுகின்றன. இன்றைய காய்ச்சுநர் ஒருவர் இதைப் படித்தால், தம் தொழிலின் முதற்பாடங்கள் அனைத்தும் இங்கே இருப்பதைக் கண்டு வியப்பார்.

மலைநாட்டின் சம்பிரதாயமும் இதற்குக் குறைந்ததன்று. கல்வராயன் மலைக்கு வடக்கே, செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், மூங்கில் குழாயில் முற்றவைத்த தேன் தேறலையும் அரிசியிலிருந்து செய்த நறவையும் மலைவாசிகள் விருந்தினருக்கு அடுத்தடுத்து அளிப்பதாகச் சொல்லுகிறது. மலையின் கிழக்கே, இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்துள் அடங்கியிருக்கும் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியைப் பாடவந்த கபிலரோ, குடித்துக் களித்த வேளையில் தேரைத் தானமாகக் கொடுப்பது யாருக்கும் எளிது என்றும், காரி கொடுப்பது களிப்பின் மயக்கத்தில் அன்று என்றும் புறநானூற்றில் ஒரு நுட்பமான பேதத்தை வகுக்கிறார். ஆகவே அக்காலத்தில் குடி இருந்தது. குடியைப் பற்றிய விவேகமும் கூடவே இருந்தது. இவ்விரண்டுக்கும் மேலாக நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு: அப்பாடல்களில் வரும் பானம் ஒவ்வொன்றும் ஒரு வீட்டில் செய்யப்படுகிறது, அதைச் செய்தவரே நேரில் நின்று விருந்தினருக்குக் கொடுக்கிறார்.

கல்வராயன் மலையில் இன்று வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், அவர்களுள் மூன்று சகோதரர்கள் வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்றும் கர்ணபரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் பயிரிட்டவை சாமையும் தினையும் கேழ்வரகும். சிறுதானியங்களுள் முளைகட்டி மால்ட் ஆக்குவதற்குக் கேழ்வரகுக்கு இணையானது அரிது. ஆப்பிரிக்காவின் பல தேசங்களில் அதைக்கொண்டே பீர் காய்ச்சுகிறார்கள். இமயமலைச் சாரலிலும் கேழ்வரகிலிருந்து பானம் செய்யும் மரபு இன்றும் அழியவில்லை. இரவு முழுதும் புளிக்கவைத்த கேழ்வரகுக் கூழின் புளிப்பையும் நறுமணத்தையும் குழந்தைப் பருவம் முதல் அறிந்த ஒரு ஜனசமூகத்துக்கு, மால்ட்டின் ரசம் ஒருபோதும் அந்நியமாக இருந்திருக்க முடியாது. எனினும் அந்த வித்து இங்கே முளைவிட்டு வளரவில்லை. அதற்குக் காரணம் மண்ணிலோ மக்களிலோ இல்லை.

பிரிட்டிஷ் கம்பெனியார் காலத்தில் சென்னைக்கு வந்த பீர்களுள் வெளிர்நிறமானதையே நாம் அதிகம் கேள்விப்படுகிறோம்; ஆனால் சிப்பாய்களின் பொருட்டு மரப்பீப்பாய்களில் திரளாக வந்திறங்கியது போர்ட்டர் என்னும் கருநிறப் பீர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் நகரத்துச் சுமைகூலிகளின் பானமாகப் பிறந்த அது, தானியத்தைக் கருக வறுக்கும் உருளையொன்றுக்கு டேனியல் வீலர் என்பவர் 1817-ல் காப்புரிமை பெற்ற பிறகு, இன்று நாம் ஸ்டவுட் என்னும் கரும்பீரில் காணும் ஆழ்ந்த கருமையையும் காப்பியை ஒத்த கசப்பையும் அடைந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் உள்ளூர்ச் சாராயத்தைக் குடித்து ஆஸ்பத்திரியை நிறைப்பதைக் கண்ட ராணுவ வைத்தியர்கள், அதற்குப் பதிலாகப் பீர் கொடுக்கவேண்டும் என்று வற்புறுத்தினார்கள். உதகமண்டலத்திலும் பெங்களூரிலும் மதுச்சாலைகள் தோன்றியதற்கும், அவற்றுட் சிலவற்றை ஒன்றுசேர்த்துத் தாமஸ் லீஷ்மன் 1915-ல் யுனைடெட் புரூவரீஸ் என்னும் ஸ்தாபனத்தை அமைத்ததற்கும், பட்டாளங்களின் இந்தத் தாகமே பெரும்பாலும் ஆதாரமாயிற்று.

சிப்பாய்க்குப் பீர் நல்லது என்று கண்டுகொண்ட அதே சர்க்கார், குடியானவனின் விஷயத்தில் அந்த அக்கறையைக் காட்டவில்லை. 1886-ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் மதுவை ஒரு வருமானத்துறையாகவே வகுத்தது. வரி வசூலிப்பவனின் கண்ணுக்கு, மரத்துக்கு இவ்வளவு என்று வரி போடக்கூடிய கள்ளும், ஓரிடத்தில் வடித்து அளந்து அனுப்பக்கூடிய சாராயமுமே அர்த்தமுள்ள பொருள்கள்; வீட்டுச் சாடியில் இரண்டு நாள் புளிக்கும் தானியபானம் எந்தக் கணக்கிலும் அடங்காதது. கள்ளக்குறிச்சி தாலுகா அடங்கியிருந்த தென்னாற்காடு ஜில்லாவிலேயே, நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியார் நடத்திய சர்க்கரை ஆலையோடு வடிசாலையும் சேர்ந்து வளர்ந்தது. வெல்லமும் பாகும் சாராயமாகிப் பீப்பாய்களில் கடைகளுக்குப் போயின. செய்தவர் யார் என்பது குடிப்பவனுக்குத் தெரியாமற்போன முதற்கட்டம் இதுவே. ஏலத்தில் கடையை எடுத்த குத்தகைதாரன் எதை விற்றானோ, அது அன்றைக்குச் சாராயம்.

அடுத்த கட்டம் நல்லெண்ணத்தில் தொடங்கியது. ராஜாஜி சென்னை ராஜதானியின் பிரதம மந்திரியாக இருந்த காங்கிரஸ் ஆட்சி, 1937 அக்டோபர் 1-ஆம் தேதி அவருடைய சொந்த ஜில்லாவாகிய சேலத்தில் மதுவிலக்கை அமல்படுத்தியது. அதனால் நேர்ந்த வருமான நஷ்டத்தை ஈடுசெய்யவே 1939-ல் பொது விற்பனைவரி கொண்டுவரப்பட்டது. 1938-ல் சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939-ல் வடாற்காட்டுக்கும் மதுவிலக்கு விரிந்தபோது, கல்வராயன் மலை ஒரு விசித்திரமான நிலையை அடைந்தது. அம்மலையின் மேற்குப் பகுதி சேலத்தைச் சேர்ந்தது. கிழக்குப் பகுதி தென்னாற்காட்டைச் சேர்ந்தது. ஒரே மலையில், ஒரே குலத்தார் வாழும் கிராமங்களுக்கு நடுவே, ஒரு பக்கம் குடி குற்றமாகவும் மறுபக்கம் குடி சர்க்காரின் வருமானமாகவும் இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நிறுத்திவைக்கப்பட்ட மதுவிலக்கு, தென்னாற்காட்டு ஓமந்தூரிலிருந்து வந்த ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2 முதல் ராஜதானி முழுவதற்கும் உரியதாயிற்று.

ஆனால் சட்டம் மலையேறுவதற்கு அங்கே ராஜபாட்டை இல்லை. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் ஜாகீர்தாரர்களின் ஆட்சியில் இருந்த கல்வராயன் மலை, விஜயநகர காலத்திலிருந்தே தங்களுக்கு உரியது என்று அவர்கள் பாராட்டிவந்த பாத்தியதையை இழந்து அரசின் நேரடி நிர்வாகத்தின் கீழ் வந்தது 1976-ல்தான். அதாவது, தேசம் விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து. சாலையும் பள்ளியும் வைத்தியசாலையும் எட்டாத அவ்விடத்தை, சமவெளியில் மூடப்பட்ட கடைகளின் வியாபாரம் எளிதில் எட்டியது. சாராயத்துக்கு வேண்டியவை மூன்று: ஆவியைக் குளிரவைக்க ஓடைநீர், அடுப்புக்கு விறகு, பிறர் கண்ணில் படாத மறைவு. மூன்றும் அங்கே தாராளமாக இருந்தன. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, வேலம்பட்டையையும், அம்மலையிலேயே விளையும் கடுக்காயையும் போட்டுப் புளிக்கவிடுவதற்கு ஊறல் என்று பெயர். அது பொங்கியடங்கிய பிறகு காய்ச்சி வடித்ததை லாரி டியூபுகளில் நிரப்பித் தோளிலும் தலையிலும் சுமந்து அடிவாரத்துக்கு இறக்குவார்கள். அங்கே அது பாக்கெட்டுகளாகப் பிரியும்.

இந்த முறையில் ருசிக்கு எந்த இடமும் இல்லை என்பது சற்று யோசித்தால் விளங்கும். ஊறலைப் பக்குவம் வரும்வரை காத்திருந்து காய்ச்சுவதற்கு வடிப்பவனுக்கு அவகாசம் இல்லை. சோதனைக்கு வரும் காவலர் எந்த நேரத்திலும் பானையை உடைத்து ஊறலை மண்ணில் கொட்டிவிடலாம். சுமப்பவனுக்குக் குறைந்த கனத்தில் அதிக போதை வேண்டும்; ஆகையால் கள்ளைப் போன்ற போதை குறைந்த பானம் அவனுக்கு உதவாது. குடிப்பவனோ இருட்டில் வாங்கி, ஒரே மூச்சில் இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியேறவேண்டியவன். தடை என்பது குடியை ஒழிக்காதபோது குடியின் வகையை மாற்றிவிடுகிறது: மெதுவாகப் பருகத்தக்கவை மறைந்து, விரைவாக விழுங்கத்தக்கவை எஞ்சுகின்றன. 1971-ல் திறந்த கடைகள் 1974-க்குள் மூடப்பட்டதும், 1981-ல் மீண்டும் திறந்ததும், 1987-ல் கள்ளும் சாராயமும் மறுபடி தடைப்பட்டதும், 2003-ல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறை வியாபாரம் முழுவதையும் மேற்கொண்டதும் இந்தப் போக்கை மாற்றவில்லை. கள் இன்றளவும் இங்கே சட்டவிரோதம். அதைவிடப் பன்மடங்கு கடுமையான பிராந்தி அரசாங்கத்தின் வியாபாரம்.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் கடல்கடந்து, தமிழர் உழைப்பால் தேயிலை வளர்ந்த மலைநாட்டிலேயே இருக்கிறது. இலங்கையின் நுவரெலியாவில் 1881-ல் நிலைபெற்ற மதுச்சாலையின் வழிவந்த லயன் ஸ்டவுட், நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் சாராயச் சத்துடைய வலுவான கரும்பீர். காய்ச்சும் இடம் பின்னாளில் கொழும்புக்கு அருகே பியகமவுக்கு மாறியபோதிலும் பானத்தின் குணம் மாறவில்லை. ஆங்கிலப் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் அதைப் புகழ்ந்து எழுதிய பிறகு உலகின் ரசிகர்கள் அதைத் தேடத் தொடங்கினார்கள். அதை ரசிக்கும் முறை எளிதானது, ஆனால் பொறுமையை வேண்டுவது. பனிக்கட்டி போலக் குளிரவைத்தால் நாக்கு மரத்துப்போய்ப் பானத்தின் பாதிக் குணம் தெரியாமற்போகும். ஆகவே மிதமான குளிர்ச்சியில், வாய் அகன்ற கண்ணாடிக் குவளையில், பழுப்பு நுரை நிதானமாக எழும்படி ஊற்றவேண்டும். முதலில் மணம்: வறுத்த தானியம், காப்பி, கருப்பட்டி. பிறகு ஒரு சிறு வாய். நாவின் நுனியில் இனிப்பும், நடுவில் கனமும், விழுங்கிய பிறகு வறுவலின் கசப்பும், நெஞ்சில் மெல்லிய வெம்மையும். வலுவான பானமாகையால் ஒரு குவளை ஒரு மாலைப்பொழுதுக்குப் போதும். இவ்வளவும் சாத்தியமாவது, புட்டியின் மேல் செய்தவரின் பெயரும் சத்தின் அளவும் அச்சிடப்பட்டிருப்பதாலும், அதை வெளிச்சத்தில் உட்கார்ந்து பருக முடிவதாலும்தான். பெங்களூரின் சிறு மதுச்சாலைகளில் கேழ்வரகைச் சேர்த்துக் காய்ச்சிப் பார்க்கும் பிரயத்தனங்களும் இப்போது நடக்கின்றன. கல்வராயன் மலையின் விளைபொருள் வேறொரு நகரத்தில் தன் பழைய தொழிலை மீண்டும் கற்றுக்கொள்ளுகிறது.

கள்ளக்குறிச்சியில் 2024-ல் உயிர் குடித்தது மலையின் ஊறல்கூட அன்று. தொழிற்சாலை உபயோகத்துக்கான மெத்தனால் சாராயம் என்ற பெயரில் பாக்கெட்டுகளில் விற்கப்பட்டது. அந்தத் திரவத்தின் மணமும் சுவையும் சாதாரணச் சாராயத்தை ஏறக்குறைய ஒத்திருக்கும். உடலினுள் சென்றபின் கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை எரிக்கும். சில தேக்கரண்டி அளவே கண்ணைப் பறிக்கப் போதுமானது. அந்த ஜூன் மாதத்திலேயே 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தை ஆயுள்தண்டனை வரை கடுமையாக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. மலைவாசிகளின் வாழ்க்கை நிலையைப் பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணையை எடுத்துக்கொண்டது. தண்டனைக்கும் விசாரணைக்கும் உரிய இடம் உண்டு. ஆனால் சரித்திரம் போதிக்கும் பாடம் வேறொன்று. எத்தனை பயின்ற நாவாலும் மெத்தனாலைப் பிரித்தறிய இயலாது. ஆகவே குடிப்பவனைக் காப்பது அவனுடைய நாக்கு அன்று, செய்தவனை அவன் அறிந்திருத்தல். வலைஞர் வீட்டுச் சாடிக்கும் நுவரெலியாவின் கரும்பீருக்கும் பொதுவான குணம் அதுவே. ஏலக்கடையும் லாரி டியூபும் பாக்கெட்டும் ஒவ்வொன்றாக அழித்ததும் அதையே. மது வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் எவ்வளவு விற்கலாம், எங்கே விற்கலாம் என்றே நூறாண்டுகளாக வாதாடிவருகிறார்கள். எதை, யார் பெயரில், எந்தப் பொறுப்பில் செய்யவேண்டும் என்னும் கேள்வியை இரு தரப்பாரும் எழுப்பாத வரையில், மதுக்கொள்கை எத்தனை முறை மாறினாலும் அதன் விலையைக் கருணாபுரம் போன்ற தெருக்களே கொடுத்துக்கொண்டிருக்கும்.