நியூயோர்க் வாடகைக் குடியிருப்புகளும் வீட்டுடைமையாளர் பொறுப்பும் (1867 - 1975)

நியூயோர்க் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1890இல் ஜேக்கப் றீஸ் வெளியிட்ட நூலிலிருந்தே தொடங்குவர். சீர்திருத்தவாதிகளின் மனச்சாட்சியே சட்டத்தைப் பிறப்பித்தது என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றுள்ளது. ஆயின் அந்நூலுக்கு 23 ஆண்டுகள் முன்னரே, 1867இல், வாடகைக் குடியிருப்புச் சட்டமொன்று அங்கு நிறைவேறியிருந்தது. இருபது பேருக்கு ஒரு மலசலகூடம் வேண்டும் எனவும், தீப்பற்றினால் தப்பிச் செல்ல வழி வேண்டும் எனவும் அது விதித்தது. எனவே அங்கு சட்டம் இல்லாதிருந்தது என்பதல்ல பிரச்சினை. சட்டம் கோரிய செலவை யார் தலையில் சுமத்துவது என்பதே நீண்டகாலப் போராட்டத்தின் உட்பொருள் என நாம் கருதுகின்றோம்.

இதனைத் தெளிவாகக் காட்டுவது தண்ணீர் பற்றிய வழக்கு. சுகாதாரத் திணைக்களம் கோருமிடத்து வீட்டின் ஒவ்வொரு மாடியிலும் நீர் வசதி செய்து கொடுத்தல் வேண்டும் என 1887ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. முற்றத்துக் குழாயில் நிரப்பிய வாளியை மாடிப்படிகளிற் சுமந்து ஏறியவர்கள் பெண்களும் சிறுவருமே. இக்கட்டளைக்குப் பணிய மறுத்து வழக்காடியது, மன்ஹாற்றனில் பெரும் நிலவுடைமை கொண்டிருந்த திரினிற்றி தேவாலயம். கீழ் நீதிமன்றம் தேவாலயத்தின் பக்கம் நின்றது. 1895இல் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பொதுச் சுகாதாரத்துக்கும் தீத்தடுப்புக்குமாக ஆதன உடைமையாளர் மீது நியாயமான செலவைச் சுமத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதே அதன் முடிவு. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி றூஃபஸ் பெக்கம். பேக்கரித் தொழிலாளரின் வேலைநேரத்தை நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலமாக வரையறுத்த சட்டத்தை 1905இல் செல்லாததாக்கிய பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவரும் அவரே! குழாய் நீருக்கு இடங்கொடுத்த நீதி, உழைப்பு நேரம் என்றதும் பின்வாங்கியமை மனங்கொள்ளத்தக்கது.

1901ஆம் ஆண்டின் சட்டம் புதிய கட்டடங்களோடு நில்லாது பழையனவற்றையும் தொட்டது. வாடகைக் குடியிருப்புக்கெனத் தனித் திணைக்களம் அமைந்தது. ரொபேர்ட் டி ஃபொறெஸ்ற் அதன் முதல் ஆணையாளர். லோறன்ஸ் வெயிலர் அவருக்குத் துணை. வெளிச்சுவரில் யன்னலற்ற உள்ளறைகள் மாத்திரம் 350,000க்கு மேல் எனத் திணைக்களம் கண்டது. பரிசோதகர்கள் வீடுவீடாகச் சென்று அறைகளையும் மலசலகூடங்களையும் அட்டைகளிற் பதிந்தனர். முற்றத்துத் தொட்டி மலசலகூடங்களை அகற்றி நீர்வசதியுடையவற்றை அமைக்கும் கட்டளையை எதிர்த்து கேற்றி மோஷென் என்னும் உடைமையாளர் தொடுத்த சவால் 1904இல் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும், 1906இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றத்திலும் தோற்றது.

சட்டம் வென்றது, ஆயின் குடியிருந்தோர்? இவ்வழக்குகள் யாவும் அரசுக்கும் உடைமையாளருக்கும் இடையே நடந்தவை. வாடகை செலுத்தியவருக்கு அவற்றில் இடமில்லை. செலவு மிகுமிடத்து உடைமையாளர் கதவை மூடிவிடலாம். 1863இல் கட்டப்பட்ட ஓச்சார்ட் வீதி 97ஆம் இலக்க வீட்டில் இதுவே நிகழ்ந்தது. புதிய விதிகளுக்கேற்பத் திருத்துவதிலும் ஆட்களை வெளியேற்றுவது இலாபம் எனக் கண்ட உடைமையாளர் 1935இல் மேல்மாடிகளைப் பூட்டினார். தரைத்தளக் கடைகள் மட்டும் தொடர்ந்தன. அவ்வீடு இன்று அரும்பொருளகமாக உள்ளது. பரிசோதனை நாட்டும் ஒழுங்கின் விலையை, மாற்று வீடு இல்லாத இடத்தில், குடியிருப்பவரே செலுத்த நேர்ந்தது.

இந்நிலையை உடைக்க முயன்றது திணைக்களமன்று, வாடகை மறுப்பு இயக்கம். 1963 பிற்பகுதியில் ஹார்லெமில் ஜெசி கிறே தலைமையில் கறுப்பினக் குடியிருப்பாளர் வாடகை செலுத்த மறுத்தனர். வெளியேற்ற வழக்குக்கு வந்தபோது தம் வீடுகளிற் பிடித்த எலிகளையும் நீதிமன்றத்துக்குக் கொணர்ந்தனர். பரிசோதகரின் அறிக்கைக்கு இல்லாத வலிமை அவ்வெலிகளுக்கு இருந்தது எனலாம். வாடகையை உடைமையாளரிடமன்றி நீதிமன்றத்தில் வைப்பிடுமாறு நீதிபதி கட்டளையிட்டார்.

கோட்பாட்டு மாற்றம் வாஷிங்டனில் நிகழ்ந்தது. வீட்டைப் பழுதுபார்ப்பதும் வாடகை செலுத்துவதும் ஒன்றையொன்று சாராத கடமைகள் என்பதே பழைய ஆங்கிலச் சட்ட மரபு. விளைநிலக் குத்தகைக்குப் பொருந்திய அம்மரபு நகரத்து அடுக்குமாடி வாழ்வுக்குப் பொருந்தாது என 1970இல் நீதிபதி ஸ்கெலி றைற் தீர்த்தார். கிளிஃப்டன் ரெறஸ் குடியிருப்பாளர் ஏறத்தாழ 1,500 விதிமீறல்கள் உள்ளன எனக் காட்ட முன்வந்தும், கீழ் நீதிமன்றம் அச்சான்றை ஏற்க மறுத்திருந்தது. வீடமைப்பு விதிகள் வாடகை ஒப்பந்தத்தினுள்ளேயே உட்கிடையாக அடங்கியுள்ளன என்பது றைற்றின் முடிவு. இதனால் விதிமீறல், நகரசபைக்குச் செலுத்தும் அபராதத்தோடு முடிவதன்றி, வாடகைக் கணக்கையே பாதிப்பதாயிற்று. 1975இல் நியூயோர்க் சட்டசபையும் குடியிருக்கத்தக்க நிலைக்கான உத்தரவாதத்தை எழுத்திற் பொறித்தது. குடியிருப்பாளரே ஒப்பமிட்டாலும் அதனைத் துறக்க இயலாது எனவும் விதித்தது. திணைக்களத்தின் விதிமீறற் பதிவுகளை அதன்பின் வழக்குக்குக் கொண்டு சென்றவர்களுள் வாடகை செலுத்துவோரும் அடங்குவர்.