வட்டம் விழாத தட்டு

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டதும், நம் கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் அகர் வாசனைதான் முதலில் நினைவுக்கு வந்தது. இறுதியாண்டில் ஒருநாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சீழ் மாதிரியை வளர்த்து, அதன்மேல் பெனிசிலின் வில்லையை வைத்திருந்தேன். மறுநாள் பார்த்தால் வில்லையைச் சுற்றி வட்டமே விழவில்லை. விளிம்புவரை கிருமி வளர்ந்து கிடந்தது.

"வில்லை கெட்டுப்போச்சு சார்" என்றேன்.

"வில்லை நல்லாத்தான் இருக்கு. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே லண்டன்ல நடந்த கதை இது. மேரி பார்பர்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க, தேடிப் படி" என்றார் பேராசிரியர்.

அன்று தேடவில்லை. கேன்டீன் பக்கத்திலேயே இருந்ததே! கிருமித் தட்டுகளே பிழைப்பு என்று ஆன பிறகுதான் படித்தேன்.

பெனிசிலினை உடைக்கும் நொதி ஒன்று கிருமியிடம் இருப்பதை ஏபிரகாமும் செயினும் 1940-லேயே எழுதிவிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் அந்தப் போலீஸ்காரருக்கு மருந்து ஏற்றியதே 1941-இல்தான். அதாவது, மருந்து நோயாளியிடம் போகும் முன்பே அதற்கு எதிரி தயார்.

லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் மேரி பார்பர், நோயாளிகளிடமிருந்து எடுத்த ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிகளை எண்ணிக்கொண்டே வந்தார். பெனிசிலினுக்கு மசியாதவை 1946-இல் நூற்றுக்கு 14, 1947-இல் 38, 1948-இல் 59. இரண்டே வருஷம்!

மருந்து சாப்பிடும் நோயாளியின் உடம்புக்குள் கிருமி பாடம் கற்றுக்கொள்கிறது என்றுதான் நாமெல்லாம் நினைப்போம். பார்பர் கண்டது வேறு. நொதியுள்ள கிருமி முன்பே எங்கோ சிறுபான்மையாக இருந்தது. பெனிசிலின் மற்றதையெல்லாம் அழித்து அதற்கு இடம் காலி செய்து கொடுத்தது. பிறகு அது ஆளுக்கு ஆள் தொற்றி வார்டு முழுக்கப் பரவியது. காய்ச்சல், புண் எதுவுமில்லாத ஆரோக்கியமான மனிதர்களின் மூக்கிலும் இந்தக் கிருமி சௌக்கியமாகக் குடியிருக்கும் என்பது தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த நொதிக்கு உடையாத மெத்திசிலின் வந்தது. அதற்கும் மசியாத மூன்று கிருமிகளை, 5,000-க்கு மேற்பட்டவற்றைச் சோதித்து, பட்ரிஷியா ஜெவன்ஸ் 1961-இல் அறிவித்தார். மூன்றும் ஒரே ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவை.

எனக்குப் பிடித்தது இதற்கு ஓராண்டு முந்தைய, 1960-ஆம் வருஷத்து ஹாமர்ஸ்மித் கட்டுரை. பெனிசிலினை வெகுவாகக் குறைத்தார்கள். மற்ற மருந்துகளைத் தனியாகக் கொடுக்காமல் சேர்த்துக் கொடுத்தார்கள். தொற்று பரவாமலும் பார்த்துக்கொண்டார்கள். மசியாத கிருமிகளின் பங்கு இறங்கியது. ஏறினது இறங்கவும் செய்யும் என்று ஆதாரத்தோடு காட்டிய கட்டுரை அது.

நான் வேலை பார்த்த இடத்தில் இதைச் சொன்னபோது ஒரு மூத்த சர்ஜன், "அதெல்லாம் லண்டனுக்குச் சரிப்பா" என்றார். சில வாரம் கழித்து அவரை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டு, அவர் வார்டின் அடுத்தடுத்த நான்கு படுக்கைகளிலிருந்து வந்த நான்கு தட்டுகளைக் காட்டினேன். எல்லாவற்றிலும் ஒரே கிருமி. எந்தெந்த மருந்துக்கு வட்டம் விழவில்லை என்பதிலும் நான்கும் ஒன்றுபோலவே இருந்தன.

ரொம்ப நேரம் பார்த்தார். "யார் மூக்கை முதல்ல டெஸ்ட் பண்ணணும்?" என்றார்.

"உங்களோடதிலிருந்தே ஆரம்பிக்கலாம் சார்" என்றேன்.