குடத்துள் புகாத ஓலைகள்

மக்கள் தம் இனத்தாரையும் தம் பாலினத்தாரையுமே தேர்ந்தெடுப்பர் என்பது தேர்தல்தோறும் ஒலிக்கும் கருத்து. அதனை ஆராய்தற்குக் காஞ்சிபுரத்தின் வரலாறு ஏற்ற களமாகும்.

காஞ்சிக்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குட்பட்ட அகவை, வேதக் கல்வி ஆகியன தகுதிகளாயின. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். இவ்விதிகளின் நேர்மை போற்றத்தக்கதே. ஆயினும் அஃது அந்தணர் சபை. பெண்ணின் பெயரோ நெசவாளியின் பெயரோ அக்குடத்துள் புகவில்லை. ஓலையெடுத்த சிறுவன் எவ்வினத்தையும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவை யாவும் ஓலை எழுதப்படுமுன்பே பார்க்கப்பட்டுவிட்டன.

வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வாய்த்தபின் நிலை மாறியது. காஞ்சியில் 1909இல், நெசவை மரபுத் தொழிலாகக் கொண்ட செங்குந்தர் குடும்பத்தில் பிறந்தவர் அறிஞர் அண்ணா. கைத்தறி நலிவுற்ற காலத்தில் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர். 1957இல் காஞ்சி அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1962இல் அதே காஞ்சி அவரைத் தோற்கடித்துக் காங்கிரசின் எஸ்.வி. நடேச முதலியாரைத் தேர்ந்தது. தி.மு.க.வோ அத்தேர்தலில் 15 இடங்களிலிருந்து 50 இடங்களுக்கு வளர்ந்தது. ஐந்தாண்டில் பிறப்பு மாறுவதில்லை, வாக்கு மாறியது. எதிர்த்து நின்றவரும் முதலியார் பட்டம் உடையவராதலின் இனப்பற்று இருகூறாயிற்று எனச் சிலர் கூறலாம். அவ்வாறாயின், எவரை நிறுத்துவது எனக் கட்சிகள் முடிவு செய்த வேளையிலேயே இனம் எண்ணப்பட்டுவிட்டது என்பதே பொருள். வாக்காளர் முன் எஞ்சி நின்றவை கட்சியும் கொள்கையும் வாழ்க்கைத் தேவைகளுமே.

பெண்கள் திறத்திலும் இதுவே உண்மை. 1984இல் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு ஜெரால்டின் பெராரோ நின்றார். பெரிய கட்சியொன்று அப்பதவிக்கு நிறுத்திய முதற் பெண்மணி அவர். எனினும் பெண்களிலும் பெரும்பான்மையோர் எதிரணியின் ரீகனுக்கே வாக்களித்தனர். பெண் என்பதற்காகவே பெண்கள் வாக்களிப்பதில்லை. பெண் என்பதற்காக வாக்காளர் எவரையும் ஒதுக்கிவிடுவதும் இல்லை. 2014இல் காஞ்சிபுரம் தனித்தொகுதி கே. மரகதத்தை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியபோது ஆடவர், பெண்டிர் இருவர் வாக்கும் அதில் கலந்தே இருந்தது. 2021இல் மாநகராட்சியான காஞ்சியின் முதல் மேயராக 2022இல் மகாலட்சுமி யுவராஜ் பொறுப்பேற்றார். அப்பதவி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றிலொரு பங்கேனும் வேண்டுமென 1992இல் இயற்றப்பட்ட அரசியல் சட்டத் திருத்தங்களும், அதனைப் பாதியாக உயர்த்திய 2016ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் இன்றேல் அவ்வாயில் அத்துணை விரைவில் திறந்திராது.

ஆதலின், இனம் பார்த்து வாக்களிக்கின்றனர் என மக்கள்மேல் மட்டும் பழி சுமத்துதல் முறையாகாது. உத்திரமேரூரில் ஓலை எழுதினோர் வகுத்த எல்லையை இன்று வேட்பாளர் பட்டியல் எழுதுவோர் வகுக்கின்றனர். தேர்தலின் நேர்மையை அளக்க விரும்புவோர் குடத்திலிருந்து வெளிவந்த பெயரை மட்டுமன்றி, அதனுள் எழுதியிடப்படாத பெயர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.