குன்னூர் தடுப்பூசிக்கும் ஒரு பிரெஞ்சு திராட்சைத் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

நீளமான த்ரெட் இது. டீயோட உட்காருங்க.

நாய் கடிச்சு அரசு மருத்துவமனைக்கு வர்றவங்க காயத்துல என்னென்னவோ பூசிக்கிட்டு வர்றாங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள். "விஷத்தை இழுத்துடும்னு சொன்னாங்க சார்" என்பார்கள். நான் அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். காயத்துல சீழ் ஏன் பிடிக்குது? அது உடம்புக்குள்ள தானா உண்டாகுதா, வெளியிலிருந்து வருதா? 150 வருஷத்துக்கு முன்னால ஐரோப்பாவின் பெரிய டாக்டர்களுக்கே இதில் தெளிவு கிடையாது. அந்தத் தெளிவு வந்ததில் பெரிய பங்கு ஒயினுக்கு உண்டு. அதுவும் ரெண்டு குடும்பத் திராட்சைத் தோட்டங்களுக்கு.

கிழக்கு பிரான்சில், சுவிட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், ஜூரா மலையடிவாரத்தில் ஆர்புவான்னு ஒரு சின்ன ஊர். லூயி பாஸ்டர் வளர்ந்தது அங்கேதான். அப்பா நெப்போலியன் படையில் சிப்பாயா இருந்தவர், பிறகு தோல் பதனிடும் தொழில். ஆத்தங்கரையை ஒட்டி வீடு, அதிலேயே பட்டறை. நொய்யல் கரையில் சாயப்பட்டறைகள் வந்த அதே காரணம்தான், தண்ணி வேணும்.

ஊரைச் சுத்தி எல்லாம் திராட்சை. அந்தப் பகுதியின் புகழ்பெற்ற சரக்கு 'மஞ்சள் ஒயின்'. சாவன்யான் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்வது. சாதாரணமா ஒயின் பீப்பாயில் குறையக் குறைய மேலே ஊத்தி நிரப்பி வைப்பாங்க, காத்து பட்டா புளிச்சுடும் என்று. ஆர்புவாக்காரங்க நிரப்பவே மாட்டாங்க. அப்படியே விட்டா மேலே ஈஸ்ட் ஒரு ஆடை கட்டும், நம்ம வீட்ல பாலில் ஏடு படியற மாதிரி. அந்த ஆடைக்குக் கீழே குறைஞ்சது 6 வருஷம் 3 மாசம் இருக்கணும். அப்புறம் 62 சென்டிலிட்டர் பாட்டிலில் அடைப்பாங்க. ஒரு லிட்டர் ஊத்தி வெச்சா கடைசியில மிஞ்சறது அவ்ளோதான் என்று கணக்கு.

இதில் ஒரு புதிர் இருக்கு. ஒரு ஆடை ஒயினைக் காப்பாத்துது. பார்க்க கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும் இன்னொரு ஆடை அதே ஒயினை வினிகர் ஆக்கிடுது. ஏன்?

இந்தக் கேள்விக்குப் பின்னால பெரிய பணம் இருந்தது. 1860-ல் பிரிட்டனோடு வணிக ஒப்பந்தம் போட்டு பிரான்ஸ் ஒயின் ஏற்றுமதியைப் பெருக்கப் பார்த்த நேரம். போற வழியில ஒயின் புளிச்சும் கசந்தும் கெட்டுப்போச்சு. கறை இருக்குன்னு கன்டெய்னர் திரும்பி வந்தா என்ன ஆகும்னு திருப்பூர்க்காரங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். 1863-ல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் பாஸ்டரிடமே இந்தப் பிரச்சினையைக் கொடுத்தார். பாஸ்டர் டாக்டர் இல்லைங்க, வேதியியல் ஆள். இதை மனசுல வெச்சுக்கோங்க.

அவர் நேரா சொந்த ஊருக்குப் போனார். ஒரு பழைய காபிக்கடை அறையை லேப் ஆக்கினார். சாமான்கள் உள்ளூர்த் தச்சரும் தகரக்காரரும் செஞ்சு கொடுத்தது. கூடப் படிச்சவங்களோட நிலவறைகளில் இருந்து நல்ல ஒயினும் கெட்ட ஒயினும் வந்து குவிஞ்சது. மைக்ராஸ்கோப்ல பார்த்தால் ஒவ்வொரு 'நோய்க்கும்' வேற வேற நுண்ணுயிர். புளிச்சதுல ஒண்ணு, கசந்ததுல வேறொண்ணு. மூடின பாட்டிலை 50 முதல் 60 டிகிரி வரை சூடு பண்ணா அதுங்க செத்துடும், ஒயின் கெடாது. 1866-ல் இதைப் புத்தகமாவே போட்டார். காலையில நீங்க வாங்கற ஆவின் பாக்கெட்ல இருக்கும் 'பாஸ்டரைஸ்டு' என்ற வார்த்தை இங்கிருந்து வந்ததுதான். வேடிக்கை என்னன்னா, உயர்தர ஒயின் செய்யறவங்க இன்னிக்கு இந்த முறையைப் பெரும்பாலும் தொடறதில்லை. ஒயினுக்காகக் கண்டுபிடிச்சது பாலுக்குப் போயிடுச்சு.

கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் என்ற சர்ஜன் பாஸ்டரின் நொதித்தல் ஆராய்ச்சியைப் படிச்சார். ஒயினைக் கெடுக்கறது வெளியிலிருந்து வர்ற உயிர்னா, காயத்தைக் கெடுக்கறதும் அதே மாதிரி ஒண்ணா இருக்கலாமே? 1865 ஆகஸ்டில் வண்டிச் சக்கரம் ஏறி எலும்பு வெளியே தெரிய கால் முறிஞ்ச 11 வயசுப் பையன் வந்தான். அந்தக் காலத்துல இந்த மாதிரிக் காயத்துக்குக் காலை வெட்டறதுதான் வழக்கம். லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் துணியை நனைச்சுக் கட்டினார். சீழ் பிடிக்கலை, கால் பிழைச்சது. அன்னிக்கு இருந்த எந்த மருத்துவப் பாடப்புத்தகமும் இந்த யோசனையை அவருக்குக் கொடுத்திருக்க முடியாது.

இனிமேதான் கதையில் எனக்குப் பிடிச்ச கட்டம். 1868-ல், 45 வயசுல, பாஸ்டருக்குப் பக்கவாதம். இடது பக்கம் விழுந்துடுச்சு. அப்படியும் வேலையை விடலை. 1874 வாக்கில் ஆர்புவாவுக்குப் பக்கத்தில் ரோசியேர் என்ற இடத்துல சின்னதா ஒரு திராட்சைத் தோட்டம் வாங்கினார்.

1878 பிப்ரவரியில் கிளோட் பெர்னார் இறந்தார். உடலியல் படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச பெயர், கல்லீரலில் கிளைகோஜன் இருப்பதைக் கண்டுபிடிச்சவர். அவரும் திராட்சை விவசாயக் குடும்பத்துப் பிள்ளைதான், போஷோலே பகுதியில் சான் ஜூலியன் கிராமம். முந்தின வருஷ அறுவடையின்போது அங்கேயே சில சோதனைகள் செஞ்சு குறிப்பு எழுதி வெச்சிருந்தார். ஈஸ்ட் உயிர் இல்லாமலே பழச்சாறு தானா சாராயம் ஆகும் என்பது அதன் சாரம். அவர் போன பிறகு, ஜூலையில், நண்பர் பெர்த்தலோ அதை வெளியிட்டுட்டார்.

பாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெர்னார் அவருக்கு நண்பர். இறந்தவரோடு வாதாடவும் முடியாது. ஆனா 'உள்ளேயே தானா உண்டாகுது' என்பது ஜெயிச்சா இருபது வருஷ வேலை ஆட்டம் காணும், லிஸ்டரின் முறையும் சேர்ந்துதான். அதனால திராட்சையையே கேட்டுடலாம்னு முடிவு பண்ணினார். ஆகஸ்டில், காய் பழுக்கறதுக்கு முன்னாடியே, தன் தோட்டத்துக் கொடிகள் மேல கண்ணாடி வீடு கட்டினார். ஈஸ்ட் பழத்தோல் மேல வந்து உட்கார்றது பழுக்கற சமயத்துலதான்னு அவருக்குத் தெரியும். உள்ளே இருந்த சில குலைகளைச் சூடாக்கிக் கிருமி நீக்கின பஞ்சால சுத்தினார். ஆமாங்க, பஞ்சுதான். காத்து போகும், கிருமி போகாது. திருப்பூர்ல உட்கார்ந்து இதைப் படிக்கும்போது கொஞ்சம் பெருமையா இருக்கு.

அக்டோபரில் பழம் பழுத்தது. வெளியே வெயிலிலும் காத்திலும் இருந்த திராட்சையை நசுக்கி வெச்சா ரெண்டே நாளில் பொங்குது. பஞ்சு சுத்தின திராட்சை பொங்கவே இல்லை. சாறு அப்படியே இனிப்பா நிக்குது. அந்தக் குலைகளைப் பாரிஸுக்குக் கொண்டுபோய்க் காட்டணும். ஆர்புவாவிலிருந்து ரயில் பயணம் முழுக்க பாஸ்டரின் மனைவியும் மகளும் ஒரு உதவியாளரும் மாத்தி மாத்தி, பழம் எதுலயும் உரசாம, கொடியை நிமிர்த்திப் பிடிச்சுக்கிட்டே போயிருக்காங்க. விஞ்ஞான வரலாற்றுல இவங்க பேரை அதிகம் யாரும் சொல்றதில்லை.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். பெர்னார் முழுக்கத் தப்பு இல்லை. 1897-ல் எடுவார்ட் பூக்னர் ஈஸ்டை அரைச்சுப் பிழிஞ்ச சாறே, உயிருள்ள செல் இல்லாம, சர்க்கரையைச் சாராயம் ஆக்குது என்று காட்டினார். அது என்சைம். ஆனா அந்த என்சைமும் ஈஸ்டுக்குள்ள உருவானதுதான், பழத்துக்குள்ள இல்லை. பூக்னருக்கு நோபல் கிடைச்சது 1907-ல்.

அதே 1907-ல் நம்ம பக்கத்துல, குன்னூரில், தென்னிந்திய பாஸ்டர் நிலையம் தொடங்குச்சு. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையின் ஒரு பகுதி இதுக்கும் வந்தது. 1885 ஜூலை 6-ல் ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயசுப் பையனுக்குப் பாரிஸில் முதல் ரேபிஸ் ஊசித் தொடர் போட்டு 22 வருஷம் ஆகியிருந்தது. அன்னிக்கும் பாஸ்டர் ஊசியைத் தொடலை, அவர் டாக்டர் இல்லையே. போட்டது டாக்டர் கிரான்ஷே. ரேபிஸ் கிருமியைப் பாஸ்டர் கண்ணால பார்த்ததும் கிடையாது. அது வைரஸ், அவரோட மைக்ராஸ்கோப்புக்குச் சிக்காது. ஆனா அது வெளியிலிருந்து வருது, வழியில மறிச்சா நிறுத்தலாம் என்ற நம்பிக்கை ஒயினில் இருந்து வந்தது.

உங்க வீட்டுப் பெரியவங்க சொல்வாங்களே, தொப்புளைச் சுத்தி 14 ஊசின்னு? அது ஆட்டு மூளையில தயாரிச்ச பழைய மருந்து. இந்தியாவில் அதை 2000-களின் நடுவில் நிறுத்தியாச்சு. இப்போ கையில, தோலுக்குள்ள, ஒரு தடவைக்கு ரெண்டு இடத்துல 0.1 மில்லி. அவ்ளோதான்.

கமென்ட்ல வரப்போற கேள்விக்கு இப்பவே பதில். பாஸ்டர் ஒயினை ஆரோக்கியமான பானம்னு சொன்னது உண்மை. அது குடிதண்ணியில காலரா வந்த காலம். இப்போ உலக சுகாதார நிறுவனம், மதுவில் பாதுகாப்பான அளவுன்னு எதுவும் இல்லைன்னு 2023-லயே சொல்லிட்டாங்க. ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதுன்னு என்னைக் கேட்காதீங்க.

நாய் கடிச்சா மஞ்சள் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம். ஓடற தண்ணியில, சோப்புப் போட்டு, 15 நிமிஷம் கழுவுங்க. வர்ற கிருமியை வாசல்லயே விரட்டறது அதுதான். அப்புறம் அரசு மருத்துவமனைக்கு வாங்க, இலவசம். ரத்தம் வர்ற கடின்னா காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலினும் போடணும். ஊசி நாட்கள் 0, 3, 7, 28. முதல் ஊசிக்கு எல்லாரும் வந்துடறாங்க. காயம் ஆறினதும் கடைசி ஊசி மறந்துடுது, இல்லைன்னா ஷிப்ட் தடுக்குது. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட யாரையும் காப்பாத்த முடியாது. பனியன் கம்பெனி சூப்பர்வைசர்கள் யாராவது இதைப் படிச்சா, உங்க லைன்ல நாய் கடிச்ச ஆள் இருந்தா, அவரோட சீட்டை வாங்கி அந்த நாலு தேதியையும் பார்த்து, அன்னிக்கு ரெண்டு மணி நேரம் விட்டுடுங்க.