தாயோடு சேயும் அட்மிட்!

பிள்ளை பெற்றவளுக்கு மனநோய் என்றால் தாயை ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள், குழந்தையை வேறு யாரிடமாவது கொடுப்பார்கள். நெடுங்காலம் இதுதான் வழக்கம். இந்த வழக்கம் மாறிய கதை பலருக்குத் தெரியாது.

1858-ல் பிரான்ஸில் லூயி விக்டர் மார்சே என்ற டாக்டர், கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வரும் மனநோய்கள் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதினார். ஆறே வருஷத்தில், 36 வயதில், இறந்தும் போனார்.

1938-ல் நியூயார்க்கைச் சேர்ந்த அடால்ஃப் ஸ்டெர்ன் வேறொரு வகை நோயாளிகளைப் பற்றி எழுதினார். சாதாரண மனக்கோளாறிலும் இவர்களைச் சேர்க்க முடியவில்லை, முற்றிய மனநோயிலும் சேர்க்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில், எல்லைக்கோட்டில் நிற்பவர்கள். அதனால்தான் 'பார்டர்லைன்' என்ற பெயர். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதை 'பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்' என்று ஏற்றுக்கொண்டது. உணர்ச்சிகள் சட்சட்டென்று மாறும். சிலர் தங்களையே காயப்படுத்திக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'என்னை விட்டுப் போய்விடுவார்கள்' என்ற தீராத பயம்.

இப்படிப்பட்ட ஒருத்தி தாயானால்? குழந்தை விடாமல் அழுதால், 'இதற்கும் என்னைப் பிடிக்கவில்லை' என்று தோன்றலாம். பிரசவத்துக்குப் பின் வரும் சோர்வு என்று மற்றவர்கள் நினைத்துவிடலாம். அந்த நேரத்தில் குழந்தையையும் பிரித்தால், அவள் பயந்ததே நடந்த மாதிரி ஆகிவிடும்!

லண்டன் பக்கத்தில் காசல் ஆஸ்பத்திரி இருந்தது. 1948-ல் அங்கே டாம் மெயின் என்ற டாக்டர், ஒரு தாயை அவள் குழந்தையோடு சேர்த்தே அட்மிட் செய்தார். அது மெல்ல மெல்லத் தனி சிகிச்சை முறையாகவே வளர்ந்தது. நர்ஸ் குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட மாட்டார். தாய் தன் வேலையைத் தானே செய்வாள், நர்ஸ் கூட நிற்பார். பிற்காலத்தில், பார்டர்லைன் போன்ற சிக்கல் உள்ள தாய்மார்களையும் கோர்ட்டுகள் அங்கே அனுப்பின. குழந்தையை அவளிடம் விடலாமா என்ற கேள்விக்குப் பதில் வேண்டுமே! எல்லாருக்கும் சாதகமான பதில் கிடைக்கவில்லை. ஆனால் முயன்று பார்க்க ஓர் இடம் இருந்தது.

இந்தியாவிலும் 2009-ல் பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்க்கும் மனநலப் பிரிவு தொடங்கியது.

உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்து வாயே திறக்காத தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். குழந்தைக்கும் சேர்த்துப் படுக்கை போட்ட ஆஸ்பத்திரிகள் அந்தப் பயத்துக்குத்தான் முதலில் வைத்தியம் பார்த்தன.